பெரும்பான்மையின் நன்மைக்காக என்று சொன்னால் போதுமா? – ஜெரமி பெந்தமின் வாழ்க்கை தரும் பதில்

உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். பயன்பாட்டுவாதம் என்ற பாடம் வரும்போது பல வருடங்களாக ஒரே வரியைத்தான் கரும்பலகையில் எழுதி வந்தேன். அதிகமானோருக்கு அதிகமான மகிழ்ச்சியைத் தருவதே சரியான செயல், இதைச் சொன்னவர் ஜெரமி பெந்தம் என்பதுதான் அந்த வரி. மாணவர்கள் அதை எழுதிக்கொள்வார்கள். பரீட்சையில் அதையே திருப்பி எழுதுவார்கள். புள்ளியும் கிடைக்கும். அதற்கு மேல் நானும் யோசித்ததில்லை.

2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாடசாலை மீண்டும் திறந்த நாட்களில் அந்த வரியை வழமைபோல எழுதினேன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து நின்றான். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் அவனுடைய மூத்தவாப்பா கொவிட் தொற்றினால் மௌத்தாகி இருந்தார். ஜனாஸா குடும்பத்தின் கையில் கிடைக்கவில்லை. சாம்பல்தான் மிஞ்சியது. அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. நாட்டில் அதிகமானோரின் நன்மைக்காகத்தான் எரித்தோம் என்கிறார்கள் சேர், அப்படியென்றால் இந்தக் கொள்கையின்படி அது சரியா என்று கேட்டான்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. அடுத்த பாடத்தில் சொல்கிறேன் என்று சமாளித்தேன். அன்று இரவுதான் பெந்தம் என்ற மனிதர் உண்மையில் யார், என்ன சொன்னார் என்று தேடி வாசிக்கத் தொடங்கினேன். அந்தத் தேடலில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்தக் கேள்வி அந்த ஒரு மாணவனுடையது மட்டுமல்ல. இந்த நாட்டில் சிறுபான்மையாக வாழும் எல்லோருடைய கேள்வியும் அதுதான்.

பெந்தம் 1748 பெப்ரவரி 15ஆம் திகதி லண்டனில் பிறந்தார். தகப்பன் வசதியான சட்டத்தரணி. பிள்ளை மூன்று வயதிலேயே இலத்தீன் படிக்கத் தொடங்கிவிட்டது. விளையாடுகிற வயதில் தடித்த வரலாற்றுப் புத்தகங்களோடு உட்கார்ந்திருந்தது. பத்து வயதில் தாய் இறந்தார். மகன் ஒருநாள் இங்கிலாந்தின் நீதித்துறையின் தலைமைப் பதவிக்கு வர வேண்டும் என்பது தகப்பனின் கனவு. அதற்காக வெஸ்ட்மினிஸ்டர் பாடசாலைக்கும், பிறகு 12 வயதிலேயே ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பினார்.

அந்தக் காலத்தில் ஒக்ஸ்போர்டில் பட்டம் பெற வேண்டுமானால் இங்கிலாந்துத் திருச்சபையின் 39 கோட்பாடுகளையும் ஏற்றுக்கொள்வதாகக் கையெழுத்திட வேண்டும். அவற்றில் சிலவற்றை அந்தச் சிறுவனின் மனம் ஏற்கவில்லை. ஆனாலும் கையெழுத்திட வேண்டி வந்தது. மனச்சாட்சிக்கு எதிராக ஒப்பமிட்ட அந்த வேதனையை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. ஒரு மனிதனின் நம்பிக்கைக்குள் அரசு கைவிடும்போது என்ன நடக்கும் என்பதை அவர் இளம் வயதிலேயே பட்டு அறிந்தார்.

1769இல் அவர் சட்டத்தரணியாகத் தகுதி பெற்றார். ஆனால் நீதிமன்றத்தில் தொழில் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. அன்றைய ஆங்கிலச் சட்டம் சாதாரண மக்களுக்கு விளங்காத பழைய மொழியில் இருந்தது. வழக்குகள் வருடக்கணக்கில் இழுபட்டன. சட்டத்தரணிகள் கொழுத்தார்கள், வழக்காளிகள் மெலிந்தார்கள். சிறிய திருட்டுக்கும் தூக்குத் தண்டனை இருந்தது. இந்தச் சட்டங்களைக் கற்று உழைப்பதைவிட இவை ஏன் இப்படி இருக்கின்றன என்று கேட்பதே மேல் என்று அவர் முடிவெடுத்தார். தகப்பனின் கனவு அத்தோடு முடிந்தது.

ஒக்ஸ்போர்டில் வில்லியம் பிளாக்ஸ்டன் என்ற பெரிய சட்ட அறிஞரின் விரிவுரைகளை அவர் கேட்டிருந்தார். இருக்கிற சட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு நியாயம் இருக்கிறது என்பதுபோல பிளாக்ஸ்டன் பேசினார். 1776இல் பெந்தம் தன் பெயரைப் போடாமல் ஒரு சிறு நூலை வெளியிட்டு அந்தப் பெரிய மனிதரை நேரடியாக எதிர்த்தார். ஒரு சட்டம் பழையது என்பதாலோ, பெரியவர்கள் சொன்னார்கள் என்பதாலோ அது நல்ல சட்டமாகிவிடாது என்பது அவருடைய வாதம். அந்தச் சட்டத்தினால் மனிதர்களின் துன்பம் குறைகிறதா, இன்பம் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். அது மட்டுமே உரைகல்.

1789இல் வெளிவந்த அவருடைய முக்கிய நூல் இதை விரிவாக விளக்கியது. மனிதன் இன்பத்தையும் துன்பத்தையும் வைத்தே வாழ்கிறான், ஆகவே ஒரு செயல் சரியா பிழையா என்பதை அது உண்டாக்கும் இன்ப துன்பத்தை வைத்துத்தான் கணக்கிட வேண்டும் என்றார். அந்தக் கணக்குக்கு ஏழு அளவுகோல்களையும் வைத்தார். இன்பமோ துன்பமோ எவ்வளவு கடுமையானது, எவ்வளவு நேரம் நீடிக்கும், நிச்சயமாக வருமா, எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது, அதிலிருந்து அதே போன்றவை மேலும் பிறக்குமா, எதிரானது கலந்து வருமா, எத்தனை பேரைத் தொடும் என்பவையே அவை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எத்தனை பேர் என்பது ஏழில் ஒன்று மட்டும்தான். நான் கரும்பலகையில் எழுதிய வரியோ அந்த ஒன்றை மட்டும் தூக்கிப் பிடித்தது. துன்பத்தின் கடுமையும், பயன் கிடைக்கும் என்ற நிச்சயமும் என் வரியில் இருக்கவில்லை. பல வருடங்கள் அரைகுறையாகப் படிப்பித்திருக்கிறேன் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

அந்தக் கணக்கில் இன்னொரு முக்கியமான விதியும் இருந்தது. ஒவ்வொருவரும் ஒருவராகவே எண்ணப்பட வேண்டும். பிரபுவின் இன்பம் இரண்டு மடங்காகவும் கூலிக்காரனின் இன்பம் அரை மடங்காகவும் எண்ணப்படக் கூடாது. அடிமைகளின் துன்பமும் துன்பம்தான் என்றார். மிருகங்களுக்கு அறிவு இருக்கிறதா, பேசுமா என்று கேட்பதைவிட அவற்றுக்கு வலிக்குமா என்று கேட்பதே பொருத்தம் என்றும் எழுதினார். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இது சாதாரணமான பேச்சு அல்ல.

அவருக்கு முஸ்லிம் உலகத்தோடும் ஒரு தொடர்பு இருந்தது. தம்பி சாமுவேல் ரஷ்யாவில் வேலை செய்துகொண்டிருந்தார். அவரைப் பார்ப்பதற்காக 1785இல் பெந்தம் புறப்பட்டபோது இஸ்மிர், கொன்ஸ்தாந்திநோபிள் வழியாக, உஸ்மானியப் பேரரசுக்குள் பயணம் செய்தார். பிற்காலத்தில், 1822இல், லிபியாவின் திரிப்போலியைச் சேர்ந்த ஹஸ்ஸூனா அல்-தகைஸ் என்ற தூதுவர் லண்டனில் அவருக்கு நண்பரானார். திரிப்போலியில் ஆட்சியாளரின் கொடுமையிலிருந்து மக்களைக் காப்பது எப்படி என்று இருவரும் யோசித்தார்கள். ஒரு முஸ்லிம் நாட்டுக்கு ஏற்ற அரசியலமைப்புப் பாதுகாப்புகளை பெந்தம் அந்த நட்பின் பேரில் எழுதினார். அந்தத் திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் நம் மக்களுக்கும் நல்லாட்சி தேவை என்று ஆங்கிலேயர் ஒருவர் அக்காலத்தில் மினக்கெட்டு எழுதினார் என்பது நினைவில் வைக்கத்தக்கது.

நம் நாட்டுக்கும் பெந்தமின் சிந்தனை வந்து சேர்ந்தது. கோல்புறூக் – கமரன் சீர்திருத்தம் என்று வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்போம். 1830இல் இலங்கைக்கு வந்த சார்ள்ஸ் ஹே கமரன் பெந்தமின் கொள்கையைப் பின்பற்றியவர். நீதித்துறையை ஆராய்ந்து அறிக்கை எழுதியவர் அவர்தான். 1833இன் நீதிச் சாசனம் அதிலிருந்து பிறந்தது. கண்டிக்கு ஒரு நீதிமுறை, கரையோரத்துக்கு இன்னொரு நீதிமுறை என்ற நிலை மாறி, நாடு முழுவதற்கும் மாவட்ட நீதிமன்றங்கள் வந்தன. அந்தக் கமரன் முதுமையில் திரும்பவும் இலங்கைக்கே வந்து 1880இல் இங்கேயே இறந்தார். பொகவந்தலாவ தேவாலயத்தில் மனைவி ஜூலியா மார்கரெட் கமரனோடு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அந்த அம்மையார் உலகப் புகழ் பெற்ற புகைப்படக் கலைஞர்.

அதே சீர்திருத்தத்தில் சட்டசபையும் உருவானது. அதில் சிங்களவருக்கு ஒரு பிரதிநிதி, தமிழருக்கு ஒருவர், பறங்கியருக்கு ஒருவர் நியமிக்கப்பட்டார்கள். முஸ்லிம்களுக்கு ஒரு நியமன ஆசனம் கிடைக்க 1889 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எல்லோரையும் எண்ணுவோம் என்று தொடங்கிய கணக்கில் யாரை எண்ணுவது என்பதை எப்போதும் வேறு யாரோதான் தீர்மானிக்கிறார்கள். இந்தக் கொள்கையின் முதல் பலவீனம் இதுதான்.

பெந்தமைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் அது நேர்மையாகாது. அவருடைய பிழைகளும் பெரியவை. ரஷ்யாவில் தம்பியோடு இருந்தபோது அவர் ஒரு சிறைச்சாலைக்குத் திட்டம் போட்டார். அதற்கு பனொப்டிகன் என்று பெயர். வட்ட வடிவமான கட்டடம். சுற்றிவரக் கைதிகளின் அறைகள். நடுவில் காவலாளியின் இடம். காவலாளிக்கு எல்லோரையும் தெரியும். கைதிக்கோ தன்னைப் பார்க்கிறார்களா இல்லையா என்பது தெரியாது. எந்த நேரமும் பார்க்கப்படுகிறோம் என்ற பயத்திலேயே மனிதன் திருந்திவிடுவான் என்று நம்பினார்.

இதைக் கட்டுவதற்காக ஏறத்தாழ 20 வருடங்கள் அரசாங்கத்தின் பின்னால் அலைந்தார். தகப்பன் விட்டுச்சென்ற பணத்தையும் இதில் போட்டார். கடைசியில் அரசாங்கம் கைவிட்டது. 1813இல் 23,000 பவுண் நட்டஈடு கொடுத்து விடயத்தை முடித்தார்கள். ஏழைகளையும் இதே மாதிரியான பெரிய இல்லங்களில் வைத்து வேலை வாங்கலாம் என்றும் அவர் திட்டம் எழுதினார். மனிதர்களின் துன்பத்தைக் குறைக்கப் புறப்பட்டவர், கண்காணிக்கப்படும் மனிதனின் துன்பத்தைக் கணக்கில் எடுக்க மறந்துவிட்டார். சந்தேகக் கண்ணோடு பார்க்கப்படும் ஒரு சமூகத்தில் வாழ்வது என்ன என்பதை 2019 ஏப்ரலுக்குப் பிறகு நாம் நன்றாகவே அறிவோம்.

ரஷ்யாவிலிருந்தே அவர் வட்டியை ஆதரித்தும் ஒரு நூல் எழுதினார். 1787இல் அது வெளிவந்தது. வளர்ந்த மனிதர்கள் இருவர் விரும்பிச் செய்யும் கொடுக்கல் வாங்கலில் சட்டம் ஏன் தலையிட வேண்டும் என்பது அவருடைய கேள்வி. கடன்பட்டவனின் விருப்பம் பெரும்பாலும் விருப்பம் அல்ல, கையறுநிலை என்பதை அவர் அங்கே போதுமான அளவு பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். நுண்கடன் வாங்கிவிட்டு வாரத் தவணை கட்ட முடியாமல் தவிக்கும் நம் ஊர்ப் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

மனிதன் பிறக்கும்போதே சில உரிமைகளோடு பிறக்கிறான் என்ற கருத்தையும் அவர் ஏற்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் 1792இல் அவருக்குக் கௌரவப் பிரஜாவுரிமை கொடுத்தார்கள். ஆனால் அவர்களுடைய மனித உரிமைப் பிரகடனத்தை அவர் கடுமையாக எதிர்த்தார். சட்டம் இல்லாமல் உரிமை இல்லை என்பது அவருடைய நிலைப்பாடு. பசி இருப்பதால் சோறு இருக்கிறது என்று ஆகிவிடாது, அதுபோல உரிமை தேவை என்பதால் உரிமை இருக்கிறது என்று ஆகிவிடாது என்ற வகையில் வாதிட்டார். இதில் ஒரு உண்மை இருக்கிறது. ஆபத்தும் இருக்கிறது. சட்டம் எழுதும் பேனா நம் கையில் இல்லாதபோது, சட்டத்துக்கு மேலே ஒன்றும் இல்லை என்றால் நாம் யாரிடம் போவது?

இந்தக் கேள்வியை அவரும் ஒருநாள் எதிர்கொள்ள நேர்ந்தது. முதுமையில், 80 வயதைத் தாண்டிய பிறகு, 1829இல் அவர் தன்னுடைய பிரபலமான சூத்திரத்தையே திரும்ப எடுத்துப் பார்த்தார். அதிகமானோருக்கு என்ற பகுதி அவருக்கு உறுத்தியது. ஒரு கணக்குப் போட்டார். 4001 பேர் உள்ள ஒரு நாடு. அதில் 2001 பேர் ஒரு பக்கம், 2000 பேர் மறுபக்கம். பெரும்பான்மையான 2001 பேர் சேர்ந்து மற்ற 2000 பேரிடமும் இருப்பதைப் பறித்துத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டால் என்ன ஆகும்? அதிகமானோர் இலாபம் அடைந்துவிட்டார்கள். ஆனால் நாட்டின் மொத்த மகிழ்ச்சி கூடியதா? இல்லை, குறைந்துவிட்டது. இழந்தவனின் துன்பம் பெற்றவனின் இன்பத்தைவிட எப்போதும் பெரியது.

அப்போது பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் கத்தோலிக்கர்களுக்கு எதிரான சட்டங்கள் பெரிய பிரச்சினையாக இருந்தன. கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமர்வதற்கான தடை நீக்கப்பட்டதும் அதே 1829இல்தான். ஒரு மதத்தைச் சேர்ந்த பெரும்பான்மை இன்னொரு மதத்தைச் சேர்ந்த சிறுபான்மையை அடிமைப்படுத்துவதை அந்தச் சூத்திரம் நியாயப்படுத்திவிடும் என்பதை அவர் அந்த உதாரணத்தோடே விளக்கினார். ஆகவே அதிகமானோருக்கு என்ற சொல்லை விட்டுவிட்டு, அதிகமான மகிழ்ச்சி என்பதை மட்டும் வைத்துக்கொண்டார்.

இதை வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் கரும்பலகையில் எழுதிவந்த வரியை அதைச் சொன்னவரே மரணத்துக்கு மூன்று வருடங்களுக்கு முன்னர் கைவிட்டிருக்கிறார். உலகமோ அவர் கைவிட்டதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அமைச்சர்களும் அதிகாரிகளும் ஆசிரியர்களும் அதைத்தான் இன்றும் சொல்கிறார்கள்.

அவருடைய கடைசிக் காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் திருமணம் செய்யவில்லை. ஒருமுறை கேட்டார், அந்தப் பெண் மறுத்துவிட்டார். வெஸ்ட்மினிஸ்டரில் இருந்த தன் வீட்டில் துறவியைப் போல வாழ்ந்து, நாள்தோறும் பக்கம் பக்கமாக எழுதினார். கைத்தடிக்கும் தேநீர்ப் பாத்திரத்துக்கும்கூடப் பெயர் வைத்திருந்தார். வளர்த்த பூனைக்குப் பாதிரியார் பட்டத்தோடு ஒரு பெயர் இருந்தது. சர்வதேசம் என்பதற்கு இன்று ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லே அவர் உருவாக்கியதுதான். பக்கத்து வீட்டில் குடியிருந்த நண்பர் ஜேம்ஸ் மில்லின் மகன் ஜோன் ஸ்டுவர்ட் மில் இவருடைய கண்பார்வையில் வளர்ந்தார். அந்தப் பிள்ளைதான் பெரியவனாகி, பெரும்பான்மையின் கொடுமை எவ்வளவு ஆபத்தானது என்பதை 1859இல் சுதந்திரம் பற்றிய நூலில் எழுதினார்.

பெந்தம் 1832 ஜூன் 6ஆம் திகதி 84 வயதில் இறந்தார். அவருடைய உடலுக்கு நடந்ததுதான் அந்த மாணவனின் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புபடுகிறது.

அன்று இங்கிலாந்தில் மருத்துவ மாணவர்கள் படிப்பதற்கு உடல்கள் போதவில்லை. தூக்கிலிடப்பட்ட கொலைகாரரின் உடலை மட்டுமே அறுத்துப் பார்க்கச் சட்டம் இடம் கொடுத்தது. அதனால் புதைகுழிகளைத் தோண்டி உடல்களைத் திருடி விற்கும் கூட்டங்கள் உருவாகின. 1828இல் எடின்பரோவில் பர்க், ஹெயார் என்ற இருவர் உடல் விற்பதற்காகவே 16 பேரைக் கொன்றது வெளியே வந்தது. இறந்தவன் உயிரோடு இருப்பவனுக்குப் பயன்பட வேண்டும் என்று பெந்தம் நினைத்தார். 21 வயதிலேயே தன் உடலை மருத்துவத்துக்குக் கொடுக்க உயில் எழுதியவர் அவர். இறந்து மூன்றாம் நாள், அவருடைய நண்பரான டொக்டர் சவுத்வுட் ஸ்மித், இடி மின்னலுக்கு நடுவே அந்த உடலை மாணவர்கள் முன்னால் அறுத்து விளக்கினார். எலும்புக்கூட்டுக்கு அவருடைய உடைகளையே போட்டு, மெழுகுத் தலை வைத்து, அவர் விரும்பியபடியே அமர்த்தி வைத்தார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் அது இன்றும் இருக்கிறது.

ஒரு முஸ்லிமாக எனக்கு இது ஏற்புடையதல்ல. மையித்தைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுவித்து, விரைவாக மண்ணில் ஒப்படைப்பதே நம் கடமை. ஆனால் பெந்தம் செய்ததில் ஒரு நேர்மை இருந்தது. அவர் தன் உடலைத்தான் கொடுத்தார், தன் விருப்பத்தோடு கொடுத்தார்.

அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அப்படி இருக்கவில்லை. ஏழைகள் இல்லங்களிலும் வைத்தியசாலைகளிலும் இறந்து, உறவினர் உரிமை கோராத உடல்களை மருத்துவக் கல்லூரிகள் எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது. பயன் எல்லோருக்கும், உடல் மட்டும் ஏழைகளுடையது. கேட்பதற்கு ஆள் இல்லாதவன், அடக்கம் செய்யப் பணம் இல்லாதவன் அறுக்கப்பட்டான். கொலைகாரனுக்கு இருந்த தண்டனை வறுமைக்கு மாற்றப்பட்டதாக ஏழை மக்கள் கொதித்தார்கள். பொதுநன்மை என்ற பெயரில் ஒரு கணக்குப் போடப்படும்போது, அதன் விலையை எப்போதும் பலம் இல்லாதவனிடமே வாங்குகிறார்கள்.

இனி நம் கதைக்கு வருகிறேன். 2020 ஏப்ரலில் கொவிட் தொற்றினால் இறந்தவர்களை எரிப்பதைக் கட்டாயமாக்கி வர்த்தமானி வெளிவந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. உலகத்தின் பெரும்பாலான நாடுகள் அடக்கம் செய்தன. இங்கே நிலத்தடி நீர் பழுதாகும் என்று காரணம் சொன்னார்கள். அடிப்படை உரிமை மனுக்கள் அந்த டிசம்பரில் விசாரணைக்கு ஏற்கப்படாமலே தள்ளுபடியாகின. பிறந்து 20 நாளேயான குழந்தையும் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணியைக் கட்டி அழுதார்கள். 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. ஓட்டமாவடி மஜ்மா நகர் மண் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்களை ஏற்றுக்கொண்டது. அதில் நம்மவர்கள் மட்டுமல்ல, ஏனைய சமூகத்தவர்களும் இருக்கிறார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

பெந்தமின் சொந்த அளவுகோல்களை வைத்தே இதை அளந்து பார்ப்போம். துன்பத்தின் கடுமை என்ன? தாயின் ஜனாஸாவை எரித்தார்கள் என்ற வேதனைக்கு மேலே இன்னொரு வேதனையை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அது எவ்வளவு காலம் நீடிக்கும்? வாழ்நாள் முழுவதும். மறுபக்கத்தில் கிடைத்த பயன் நிச்சயமானதா? நீர் பழுதாகும் என்பதற்கு ஆதாரம் காட்டப்படவில்லை. கெடுதல் மேலும் பரவுமா? ஒரு கெடுதல் பாதிக்கப்பட்டவரோடு நிற்பதில்லை, அடுத்தது நாமோ என்ற பயமாக சமூகம் முழுவதும் பரவுகிறது, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று பெந்தமே எழுதியிருக்கிறார். காய்ச்சல் வந்தும், எரித்துவிடுவார்கள் என்று பயந்து வைத்தியசாலைக்குப் போகாமல் வீட்டில் படுத்திருந்தவர்களை நான் அறிவேன். அப்படியானால் தொற்றைத் தடுக்கப் போட்ட சட்டமே தொற்றை மறைக்க வைத்தது. எப்படிக் கூட்டினாலும் இந்தக் கணக்கு நட்டத்தில்தான் முடிகிறது.

நம் அறிஞர்களும் பொதுநன்மையைப் பேசாமல் இல்லை. மஸ்லஹா என்பது பிக்ஹின் பெரிய பகுதி. ஆனால் இமாம் கஸ்ஸாலி அதற்கு வேலி போட்டார். மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, செல்வம் ஆகிய ஐந்தையும் பாதுகாப்பதே மஸ்லஹா என்றார். அவர் ஒரு உதாரணத்தையும் ஆராய்ந்திருக்கிறார். மூழ்கப்போகும் கப்பலில் ஒரு கூட்டம் இருக்கிறது. ஒருவரைக் கடலில் தள்ளினால் மற்ற எல்லோரும் தப்பலாம். தள்ளலாமா? கூடாது என்பதே அவர் தந்த முடிவு. பலர் பிழைப்பார்கள் என்பதற்காகக் குற்றமற்ற ஒருவரைத் தள்ளிவிட முடியாது. பெந்தம் பிறப்பதற்கு 600 வருடங்களுக்கு முன்னரே இந்தக் கேள்வி நம் நூல்களில் இருந்திருக்கிறது. பெந்தமிடம் கணக்கு இருந்தது, வேலி இருக்கவில்லை. கணக்கைப் பிழையாகப் போடும் கைகளில் அது அகப்பட்டால் நம்மைக் காப்பதற்கு வேலி வேண்டும்.

ஆனால் இதிலிருந்து நாம் நமக்கும் ஒரு பாடம் எடுக்க வேண்டும். பெரும்பான்மை என்ற வாதத்தை மற்றவர்கள் நமக்கு எதிராகப் பாவிக்கும்போது நோகிறது. நாம் பெரும்பான்மையாக இருக்கும் ஊர்களில் என்ன செய்கிறோம்? பள்ளிவாசல் நிர்வாகத்தில் வேறு கருத்துள்ளவரை ஊரின் நன்மைக்காக என்று சொல்லி ஒதுக்கவில்லையா? குடும்பத்தின் நன்மைக்காக என்று சொல்லி ஒரு பெண்பிள்ளையின் படிப்பை நிறுத்தவில்லையா? அங்கேயும் இழந்தவரின் துன்பம் பெற்றவரின் இன்பத்தைவிடப் பெரியதுதான்.

அடுத்த பாடத்தில் அந்த மாணவனுக்குப் பதில் சொன்னேன். இல்லை மகன், இந்தக் கொள்கையின்படியும் அது சரியில்லை என்றேன். யாருடைய துன்பத்தையும் விடாமல் எண்ணினால்தான் அது கணக்கு, உன்னுடைய குடும்பத்தின் துன்பத்தை அவர்கள் எண்ணவே இல்லை என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அந்த வரியைத் தன் கொப்பியில் வெட்டிவிட்டு, நான் சொன்னதைக் கீழே எழுதிக்கொண்டான்.

ஓய்வு பெறும்வரை அதன் பிறகு அந்தப் பழைய வரியை நான் தனியாக எழுதவில்லை. 4001 பேரின் கணக்கையும் பக்கத்தில் எழுதினேன். இன்று படிப்பிக்கும் ஆசிரியர்களிடம் நான் கேட்பதும் இது ஒன்றுதான். பொதுநன்மை என்று யார் சொன்னாலும், அந்தப் பொதுவுக்குள் யாரை எண்ணினார்கள், யாரை விட்டார்கள் என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். அடுத்த வர்த்தமானியை எழுதப்போவது அந்தப் பிள்ளைகளில் ஒருவராகவும் இருக்கலாம்.